மூன்று ஆப், மூன்று விடை: எதை நம்புவது?

கேள்வி: ராயபுரத்தில் வசிக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அடுத்து எம்.எஸ்சி. சேர ஐ.ஐ.டி. ஜாம் தேர்வுக்கும் சி.எம்.ஐ. (சென்னை மேதமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்) நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறேன். டியூஷன் வைக்க வசதியில்லை, அதனால் போனில் உள்ள ஏஐ ஆப்களைத்தான் நம்பியிருக்கிறேன். போன வாரம் 1/(2 + காஸ் தீட்டா) என்பதை 0 முதல் 2π வரை இன்டகிரேட் செய்யும் கணக்கை மூன்று ஆப்களில் போட்டேன். ஒன்று 0 என்றது, அடுத்தது π/√3 என்றது, மூன்றாவது 2π/√3 என்றது. மூன்றும் ஸ்டெப் ஸ்டெப்பாக அழகாக எழுதிக் காட்டின. மூன்றாவது ஆப் ஏழு நாள் இலவசம், அப்புறம் மாதம் கிட்டத்தட்ட ₹2,000. அப்பாவின் போன் நம்பரை வைத்துச் சேர்ந்திருக்கிறேன். அப்பா காசிமேட்டில் கூலி வேலை செய்கிறார். பணம் கட்டலாமா? காலேஜ் அளவுக் கணக்குக்கு எந்த ஏஐயை நம்பலாம்? நிரூபணம் எழுதவும் அதைக் கேட்கலாமா?

— ஒரு மாணவி, ராயபுரம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பணம் கட்ட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

காஸ் தீட்டா −1-க்குக் கீழே இறங்காது, 1-க்கு மேலே ஏறாது. ஆகவே 2 + காஸ் தீட்டா எப்போதும் 1-க்கும் 3-க்கும் இடையில்தான் இருக்கும். தலைகீழாக்கினால் 1/3-க்கும் 1-க்கும் இடையில். இந்த உயரமுள்ள வளைவு 2π நீளத்துக்குப் போகிறது. அப்படியானால் அதன் அடியில் இருக்கும் பரப்பு 2π/3-க்குக் குறையவும் முடியாது, 2π-ஐத் தாண்டவும் முடியாது. எண்ணாகச் சொன்னால் 2.09 முதல் 6.28 வரை. இப்போது உங்கள் மூன்று விடைகளையும் பாருங்கள். 0 வெளியே. π/√3 என்பது ஏறத்தாழ 1.81, அதுவும் வெளியே. 2π/√3 என்பது 3.63, அது மட்டும் உள்ளே நிற்கிறது. இதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை. ரஃப் நோட்டில் நான்கு வரி போதும்.

உள்ளே நிற்பதால் மட்டும் 2π/√3 சரி என்று ஆகிவிடாது. யாராவது 4 என்று சொல்லியிருந்தால் அதுவும் உள்ளேதான் நின்றிருக்கும். எனவே இன்னொரு சோதனை. வட்டத்தை எட்டுச் சம பாகமாகப் பிரியுங்கள்: 0, 45, 90, 135, 180 டிகிரி, அதன் பிறகு வருவதெல்லாம் அதே மதிப்புகள் திரும்பி வருவதுதான். ஐந்து இடங்களிலும் மதிப்பு முறையே 0.3333, 0.3694, 0.5, 0.7735, 1. நடுவில் உள்ள மூன்றும் இரண்டு முறை வரும். எட்டையும் கூட்டி, எட்டால் வகுத்தால் சராசரி 0.5774. அதை 2π-ஆல் பெருக்கினால் 3.628. நம் 2π/√3-இன் மதிப்பு 3.6276. சாதாரண கால்குலேட்டரை வைத்து எட்டே புள்ளியில் மூன்று தசம இடம்வரை பொருந்திவிட்டது. (இப்படித் திரும்பத் திரும்ப வரும் வழவழப்பான வளைவுகளுக்குச் சம இடைவெளிச் சராசரி மிக வேகமாக உண்மை மதிப்பை நெருங்கும். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில் டிரபிசாய்டல் விதி என்று படித்தீர்களே, அதுவேதான்.)

சரி, மற்ற இரண்டும் ஏன் தவறின? π/√3 வந்த ஆப் பெரும்பாலும் காஸ் தீட்டாவை இசட் என்ற காம்ப்ளெக்ஸ் எண்ணுக்கு மாற்றும் வரியில் சறுக்கியிருக்கும். அந்த இடத்தில் கீழே இருக்கும் ஒரு 2 மேலே ஏற வேண்டும். அதை விட்டுவிட்டால் ரெசிட்யூ (அந்த முறையில் விடையைத் தரும் எண்) பாதியாகும், விடையும் சரியாகப் பாதியாகும். 0 வந்த கதை இதைவிட முக்கியம். அங்கே டேன் (தீட்டா/2) என்று சப்ஸ்டிட்யூட் செய்திருப்பார்கள். தீட்டா 0 ஆனாலும் டேன் 0, தீட்டா 2π ஆனாலும் டேன் 0. மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒன்றாகிவிட, விடை 0. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படித்தால் குறையே தெரியாது. ஆனால் நடுவழியில், தீட்டா π ஆகும் இடத்தில், டேன் முடிவிலிக்கு ஓடுகிறது. அந்த இடத்தில் இன்டகிரலை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக லிமிட் எடுத்திருக்க வேண்டும். எந்த வரியிலும் தப்பு எழுதவில்லை. எழுத வேண்டிய ஒரு வரியை எழுதவில்லை. ஏஐ செய்யும் தவறுகளில் கண்டுபிடிக்கக் கஷ்டமான வகை இதுதான். விடைத்தாள் திருத்தும் எங்கள் கண்ணுக்குக்கூட அவசரத்தில் தப்பிவிடும்.

இப்போது எதை நம்பலாம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் போனில் வைத்திருக்கும் ஆப்களுக்குள் இரண்டு வெவ்வேறு ஜாதி இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று மொழி மாடல். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், டீப்சீக் எல்லாம் அடிப்படையில் இந்த வகை. ஏராளமான எழுத்தைப் படித்து, இதுவரை வந்ததற்கு அடுத்து எந்தத் துண்டு வரும் என்று கணித்துக் கணித்து எழுதும். அதனால்தான் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாக எழுதுகிறது. பெரிய எண்களையும் அது துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது என்பதால் பெருக்கல், வகுத்தலில் சறுக்கும். 2024 செப்டம்பரில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஓ1 மாடலுக்குப் பிறகு, விடை சொல்வதற்கு முன் நீளமாக யோசித்து, தானே சரிபார்க்கும் வகை மாடல்கள் வந்துவிட்டன. அவை பழையவற்றைவிட நிச்சயம் மேல். உங்கள் சிலபஸில் உள்ள வழக்கமான கணக்குகளில் பெரும்பாலானவற்றை அவை சரியாகவே போடும். ஆனால் தவறும்போதும் அதே தெளிவோடு, அதே அழகோடுதான் தவறும். எழுத்தின் நடையை வைத்து சரியா தப்பா என்று பிரிக்கவே முடியாது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று குறியீட்டுக் கணித மென்பொருள். இது எதையும் ஊகிப்பதில்லை, விதிகளை வைத்துக் கணக்கிடும். வுல்ஃப்ரம் ஆல்ஃபா 2009-இல் வந்தது. விடையை இலவசமாகக் காட்டும், முழு ஸ்டெப் வேண்டுமென்றால் காசு கேட்கும். மாக்சிமா, சேஜ்மேத், பைத்தான் என்ற கணினி மொழிக்குள் வேலை செய்யும் சிம்பை மூன்றும் முழுக்க இலவசம். சேஜ்மேத்தை எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே ஓட்ட சேஜ்மேத்செல் என்ற பக்கம் இருக்கிறது. பிரவுசரிலேயே பைத்தானை ஓட்டும் கூகுள் கோலாப்பில் சிம்பை முன்பே நிறுவப்பட்டிருக்கும். உங்கள் போனில் இவை இரண்டும் ஓடும். வளைவை வரைந்து பார்க்க ஜியோஜீப்ரா அல்லது டெஸ்மாஸ் போதும்.

மாக்சிமாவின் ஒரு குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'எக்ஸ் பவர் என்' என்பதை இன்டகிரேட் செய் என்று கொடுத்தால் உடனே விடையைக் கொட்டாது. முதலில் உங்களைத் திருப்பிக் கேட்கும்: 'என்' −1-க்குச் சமமா? சமம் என்றால் லாக் வரும், இல்லையென்றால் வழக்கமான சூத்திரம் வரும். எந்த நிபந்தனையில் விடை மாறுகிறது என்று அதற்குத் தெரியும், தெரிந்ததால் கேட்கிறது. வகுப்பில் நாங்கள் தொண்டை வறளச் சொல்லிக் கொடுக்க முயல்வதும் இதைத்தான். முதல் வாரத்திலேயே மாக்சிமாவில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்த மென்பொருள்களும் தவறே செய்யாதவை அல்ல. டேன் சப்ஸ்டிட்யூஷனில் நடந்த அதே தாவல், இவை தரும் ஆன்டிடெரிவேட்டிவிலும் (எல்லை போடாத இன்டகிரல்) ஒளிந்திருக்கலாம். அதனால் எல்லை போட்ட இன்டகிரலுக்கு எப்போதும் எண் மதிப்பையும் தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். இன்னொரு தொந்தரவு, விடை சரியாக இருந்தும் உங்கள் நோட்டில் உள்ளதுபோல் இல்லாமல் வேறு வடிவத்தில் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றா என்று எல்லா நேரமும் முடிவு சொல்லிவிடும் ஒரு பொதுமுறை இருக்கவே முடியாது என்று 1968-இல் டேனியல் ரிச்சர்ட்சன் நிரூபித்தார், ஆகவே மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு விடையிலிருந்து மற்றதைக் கழித்து, 0.7, 1.3 போல இரண்டு மூன்று மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 0, அல்லது எல்லை போடாத இன்டகிரலில் ஒரே மாறிலி, வந்தால் கவலை வேண்டாம்.

ஆக, எந்த ஆப் என்பதைவிட, அந்த ஆப் கணக்கிடும் வேலையை யாரிடம் ஒப்படைக்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போது பல சாட் ஆப்கள் கேட்டால் பைத்தானில் நிரல் எழுதி, தாங்களே அதை ஓட்டி, விடையை எடுத்து வந்து காட்டும். அந்த வசதி உள்ள ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். கேள்வியோடு சேர்த்து, "சிம்பை வைத்துக் கணக்கிட்டு, எண்முறையிலும் சரிபார்த்துக் காட்டு" என்று எழுதுங்கள். நிரல் உண்மையிலேயே ஓடியதா, அதன் வெளியீடு திரையில் தெரிகிறதா என்று பார்ப்பது முக்கியம். ஓட்டாமலே "சரிபார்த்தேன்" என்று எழுதிவிடும் ஆப்களும் உண்டு. அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று ஆப்பில் இரண்டு ஒரே விடை சொன்னால் அதுதான் சரி என்று ஓட்டு எண்ணவும் வேண்டாம். எல்லா மாடல்களும் ஏறத்தாழ ஒரே வகை எழுத்தைப் படித்து வளர்ந்தவை, ஒரே பள்ளத்தில் சேர்ந்து விழும். விடைகள் வேறுபட்டால் எங்கோ கோளாறு என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றாக இருப்பதால் அப்படி எந்த உறுதியும் கிடைக்காது.

தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் கையால் ஒரு பரீட்சை வையுங்கள். விடை உறுதியாகத் தெரிந்த பத்துக் கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு உங்கள் பழைய யூனிவர்சிட்டி வினாத்தாளிலிருந்தும் ஜாம் வினாத்தாளிலிருந்தும் இருக்கட்டும். ஜாமின் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மிச்சம் பொறி வைத்த கணக்காக இருக்க வேண்டும். 1/எக்ஸ் ஸ்கொயரை −1 முதல் 1 வரை இன்டகிரேட் செய்யச் சொல்லுங்கள். நடுவில் 0 இருப்பதைக் கவனிக்காமல் சூத்திரத்தில் போட்டால் −2 வரும். எங்கும் நேர்மறையாக இருக்கும் ஒன்றின் பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? அது விரியும் இன்டகிரல், மதிப்பே கிடையாது என்று சொல்லும் ஆப் தேறியது. அடுத்து, ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு முடித்ததும், "இல்லை, நீ சொன்னது தவறு, எங்கள் சார் வேறு விடை சொன்னார்" என்று வேண்டுமென்றே எழுதிப் பாருங்கள். உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு விடைக்குத் தாவினால், அந்த ஆப் உங்கள் மனம் கோணாமல் நடந்துகொள்கிறது என்று பொருள். படிக்கிற பிள்ளைக்கு அது ஆபத்து. தன் விடையைக் காரணத்தோடு தாங்கிப் பிடிக்கும் ஆப்தான் உங்களுக்கு வேண்டும்.

போட்டோ எடுத்துப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கையெழுத்திலோ மங்கலான ஜெராக்ஸிலோ அடுக்கில் இருக்கும் ஒரு சின்ன மைனஸ் காணாமல் போகும். ஈ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் இருந்தால் முழு எண்கோட்டிலும் பரப்பு √π, மைனஸ் போய்விட்டால் பரப்பே முடிவிலி. முதலில் "நீ படித்த கணக்கை அப்படியே திருப்பி எழுது" என்று கேட்டு, அதை வினாத்தாளோடு ஒப்பிட்ட பிறகே தீர்க்கச் சொல்லுங்கள்.

இனி நிரூபணம். உங்கள் கடிதத்தில் கடைசியாக, ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான்.

கணக்குக்கு ஒரு எண் விடை இருக்கிறது, அதைச் சோதிக்க வழியும் இருக்கிறது. நிரூபணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து உண்மையிலேயே பிறக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். எங்கள் துறையில் ரியல் அனாலிசிஸ் அசைன்மென்ட் திருத்தும்போது இப்போதெல்லாம் ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. பல தாள்களில் ஒரே நிரூபணம், சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். நடுவில் ஒரு இடத்தில் லிமிட்டையும் இன்டகிரலையும் இடம் மாற்றிவிட்டு, "இது தெளிவு" என்று எழுதியிருக்கும். கேள்வியின் மொத்த மார்க்கும் அந்த ஒரு இடத்துக்குத்தான். பிள்ளைகளைக் கூப்பிட்டு "ஏன் மாற்றலாம்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. படித்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது என்கிறார்கள். அதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நிரூபணத்தை எப்படிப் படிப்பது என்பதை நாம் அவர்களுக்கு இன்னும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம்.

அந்த இடத்தையே பொறியாக வைத்து உங்கள் ஆப்பைச் சோதியுங்கள். "0 முதல் 1 வரை தொடர்ச்சியான சார்புகளின் வரிசை ஒன்று, ஒவ்வொரு புள்ளியிலும் 0-வை நெருங்குகிறது. அவற்றின் இன்டகிரலும் 0-வை நெருங்கும் என்று நிரூபி" என்று கேளுங்கள். கூற்று பொய். ஏன் என்று ஒரு படம் போட்டால் தெரியும். 0-வில் தொடங்கி அடிப்பக்கம் 1/2, உயரம் 4 உள்ள ஒரு முக்கோணம் வரையுங்கள், மிச்ச இடத்தில் தரையோடு தரையாகக் கோடு. அடுத்தது அடிப்பக்கம் 1/3, உயரம் 6. அதற்கடுத்தது 1/4, உயரம் 8. இப்படியே போகட்டும். முக்கோணம் ஒல்லியாகிக்கொண்டே இடது பக்கம் ஒதுங்குகிறது. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் சிறிது நேரத்தில் முக்கோணம் உங்களைத் தாண்டிப் போய்விடும், மதிப்பு 0 ஆகிவிடும். தொடக்கப் புள்ளியான 0-வில் எப்போதுமே 0-தான். ஆனால் பரப்பு? பாதி, பெருக்கல் அடிப்பக்கம், பெருக்கல் உயரம்: ஒவ்வொரு முறையும் 1. அது 0-வை நெருங்கவே இல்லை. யூனிஃபார்ம் கன்வர்ஜன்ஸ் (எல்லாப் புள்ளிகளிலும் சேர்ந்தே நெருங்குவது) என்ற நிபந்தனை இருந்தால் கூற்று உண்மையாகும், அதைக் கேள்வியில் கொடுக்கவில்லை. நல்ல ஆப் இந்த இடத்தில் நின்று, "இது உண்மையல்ல" என்று இதுபோன்ற ஓர் எதிர் உதாரணம் தரும். மோசமானது முழுப் பக்கத்துக்கு நிரூபணம் எழுதிக் கொடுக்கும். அப்படி எழுதினால் அந்த நிரூபணத்தைப் பிரிண்ட் எடுத்து, ஓட்டை எங்கே என்று தேடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது பெரிது.

ஏஐ ஒலிம்பியாடில் தங்கம் வாங்கிவிட்டதாமே என்று நீங்கள் கேட்கலாம். அது உண்மைதான். 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் ஆறு கணக்குகளில் ஐந்தை ஓபன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட் இரண்டின் மாடல்களும் தீர்த்து, 42-க்கு 35 மதிப்பெண் அளவை எட்டின. மலைக்க வைக்கும் சாதனை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவை அந்த நிறுவனங்கள் தனியாகத் தயாரித்து, நீண்ட நேரம் யோசிக்க விட்ட மாடல்கள். உங்கள் போனில் இலவசமாக ஓடுவது அதுவல்ல. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த அமெரிக்கக் கணித ஒலிம்பியாடின் கேள்விகளை அப்போது புழக்கத்தில் இருந்த முன்னணி மாடல்களுக்குக் கொடுத்து, ஆய்வாளர்கள் விடையை மட்டும் பார்க்காமல் நிரூபணத்தை வரிவரியாகத் திருத்தினார்கள். முதலில் சோதித்த மாடல்களில் எதுவும் ஐந்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சில மாதங்களில் நிலைமை இவ்வளவு மாறுகிறது. அதனால்தான் ஒரு ஆப்பின் பெயரைச் சொல்லி இதை நம்பு என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று நான் சொல்லும் பெயர் அடுத்த செமஸ்டரில் பழசாகிவிடும், நீங்கள் வைக்கும் பத்துக் கணக்குப் பரீட்சை பழசாகாது.

நிரூபணத்தைப் படிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கேள்வியில் கொடுத்த நிபந்தனைகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த வரியில் பயன்பட்டது என்று பென்சிலால் குறியுங்கள். ஏதாவது ஒன்று எங்கும் பயன்படவில்லை என்றால் பெரும்பாலும் அங்கே ஓட்டை இருக்கும். "தெளிவு", "எளிதில் காணலாம்" என்று வரும் இடங்களையெல்லாம் வட்டம் போட்டு, அந்த வரியை மட்டும் தனியாக நிரூபிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் வாழ்ந்த ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் துறைமுகத்தில்தான் 1912-இல் மாதம் ₹30 சம்பளத்துக்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் இருந்த பல முடிவுகள் உலகத்தையே வியக்க வைத்தன. ஆனால் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னது சரியில்லை, நிரூபணம் கேட்டு உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. ராமானுஜனிடமே ஹார்டி நிரூபணம் கேட்டார். ஒரு ஆப்பிடம் நாம் கேட்கத் தயங்கலாமா?

இன்னும் ஆர்வம் இருந்தால் லீன் என்ற ஒன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் லியனார்டோ டி மோரா மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் தொடங்கியது. நிரூபணத்தைக் கணினிக்குப் புரியும் மொழியில் எழுதினால், வரிவரியாகச் சரிபார்த்து, ஒரு ஓட்டை இருந்தாலும் ஏற்க மறுத்துவிடும். தேர்வுக்கு இது தேவையில்லை. லீவில் நேச்சுரல் நம்பர் கேம் என்ற இலவச விளையாட்டை பிரவுசரில் திறந்து பாருங்கள், கூட்டலின் விதிகளை ஒவ்வொன்றாக நீங்களே நிரூபிக்க வைக்கும். சில மணி நேரத்தில் ஒரு வரி எப்போது 'பிறக்கிறது' என்பது கைக்குப் பழகிவிடும்.

தேர்வைப் பொறுத்தவரை ஒன்று மறக்க வேண்டாம் அம்மா. ஜாம் ஹாலில் திரையில் ஒரு கால்குலேட்டர் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சி.எம்.ஐ. தேர்வில் விடையோடு விளக்கமும் எழுத வேண்டிய பகுதி இருக்கிறது. ஆகவே கணக்கைப் பார்த்ததும் ஆப்பைத் திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது தனியாக முட்டி மோதுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் "விடை வேண்டாம், முதல் ஸ்டெப்புக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல உபயோகம், நீங்கள் எழுதிய நிரூபணத்தைக் கொடுத்து, "கடுமையான எக்ஸாமினராக இருந்து இதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடி" என்பது. அது காட்டும் ஓட்டைகளில் சில பொய்யாக இருக்கும். எது பொய் என்று வாதாடுவதும் படிப்புதான். விளக்கத்தைத் தமிழிலேயே கேட்கலாம், தடையில்லை. கலைச்சொற்களை மட்டும் உங்கள் பாடத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதுவாக ஒரு சொல்லைப் புனைந்து உங்களைக் குழப்பும்.

டியூஷன் இல்லாத குறைக்கும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தில் ரியல் அனாலிசிஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் மூன்றுக்கும் முழு செமஸ்டர் வகுப்புகள் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஏஐ சொன்ன ஒரு தேற்றத்தில் சந்தேகம் வந்தால் அங்கே போய் ஒப்பிடுங்கள். புத்தகத்துக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு போய் உட்காருங்கள். உங்கள் காலேஜிலேயே கணக்கில் பிடிவாதம் உள்ள ஒரு ஆசிரியர் கட்டாயம் இருப்பார். "மேடம், ஏஐ இப்படி எழுதியிருக்கிறது, இந்த வரி எனக்கு உறுத்துகிறது" என்று தாளோடு போய் நின்றால் யாரும் விரட்ட மாட்டார்கள்.

இப்போது பணம். இலவச அக்கவுண்டிலேயே நீளமாக யோசிக்கும் மாடலைத் தினமும் சில கேள்விகளுக்குப் பயன்படுத்த விடும் ஆப்கள் இருக்கின்றன. அந்தச் சில கேள்விகளை உண்மையிலேயே திணறும் கணக்குகளுக்கு ஒதுக்குங்கள். வழக்கமான இன்டகிரேஷனுக்கும் மேட்ரிக்ஸுக்கும் சேஜ்மேத்செல் போதும். மாதம் ₹2,000 கொடுத்து வாங்கினாலும் நான் மேலே சொன்ன எந்தச் சோதனையையும் நீங்கள் விட்டுவிட முடியாது. வேலை குறையாத இடத்தில் அப்பாவின் உழைப்பை ஏன் கொட்ட வேண்டும்? அந்த ஆப் சரியான விடை சொன்னது என்பது இந்த ஒரு கணக்கைப் பொறுத்தவரை மட்டும்தான்.

அசைன்மென்டில் ஏஐயின் உதவி எடுத்தால் எங்கே எடுத்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் துறையில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு அவசர வேலை. ஏழு நாள் இலவசம் என்று சேரும்போது பெரும்பாலும் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபேக்கு ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். ஆப்பை போனிலிருந்து அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. இன்றைக்கே அந்த ஆப்பின் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். அப்புறம் அப்பாவின் ஜிபேயோ போன்பேயோ எதுவோ, அதில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரில் ஒப்புதல் ஏதாவது இன்னும் நடப்பில் இருந்தால் அதையும் நீக்கிவிட்டு, ரத்தானதற்கான ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.